சின்ன அடுப்பும் மூடிய அறையும்

எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து மக்களுக்கு மூக்கு ஒரு பாதுகாப்புக் கருவி. எந்த ஆலையிலிருந்து காற்று அடிக்கிறது என்பதை வாசனையை வைத்தே சொல்லிவிடுவார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களை அப்போது எழுப்பியது எந்தச் சங்கும் அல்ல; கண்ணையும் தொண்டையையும் எரித்த அந்த நெடிதான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா கொடிய வாயுதான். ஆனால் உயிரைக் கேட்கும் அளவுக்குச் சேர்வதற்கு வெகு முன்பே, காற்றில் பத்து லட்சத்தில் சில பங்கு இருக்கும்போதே, அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சமையல் எரிவாயுவும் இந்த வகைதான். அதற்கு இயல்பில் பெரிய வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து சிலிண்டரில் அடைக்கிறார்கள். இப்படி ஆபத்து என்றால் வாசனை வரும் என்று வாழ்நாள் முழுக்கப் பழகிய மூக்கு, கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடு முன்னால் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றுவிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, எரிச்சலும் இல்லை. கையில் தூக்கிக்கொண்டு போகிற சிறிய கிரில் அடுப்பைப் பற்றிப் பேசும்போது தீக்காயத்தைவிட இந்த வாயுவைத்தான் முதலில் பேசவேண்டும்.

இத்தகைய சிறிய அடுப்புகளில் ஒன்றான பெல்லட் கிரில், விறகையும் மின்சாரத்தையும் சேர்த்து வைத்த அடுப்பு. மரத்தூளை அழுத்திச் செய்த, சுண்டுவிரலைவிட மெலிந்த குச்சித் துண்டுகள்தான் பெல்லட். பசை எதுவும் தேவையில்லை. அழுத்தும்போது ஏறும் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகித் தூளைப் பிடித்துக்கொள்கிறது. அடுப்பின் பக்கவாட்டுத் தொட்டியில் இதைக் கொட்டினால், அடியில் சுழலும் திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒரு சின்ன எரிகிண்ணத்தில் போடும். சூடேறும் கம்பி ஒன்று பற்றவைக்க, விசிறி காற்றை ஊத, வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஒரு மின்னணுப் பலகை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் ஜோ டிரேகர் 1980களில் உருவாக்கியது இந்த ஏற்பாடு. இந்தியாவும் இதற்குப் புதிதல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் பிபி நிறுவனமும் சேர்ந்து 2006இல் 'ஊர்ஜா' என்ற பெல்லட் அடுப்பைக் கொண்டுவந்தன. வேளாண் கழிவில் செய்த பெல்லட், அடியில் பேட்டரி விசிறி. மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு என நான்கு லட்சம் அடுப்புகள் வாக்கில் விற்றன. பிறகு பெல்லட் விலை ஏற ஏறக் குடும்பங்கள் கைவிட்டுவிட்டன. விசிறி வைத்த அடுப்பு புகையைப் பெருமளவு குறைக்கும் என்பதை அது நன்றாகவே காட்டியது. புகை குறைந்தால் ஆபத்தும் தீர்ந்தது என்ற எண்ணம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இராயபுரத்துச் சந்து வீடுகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் பத்துக்குப் பத்து அறை என்பது பழகிய அளவு. உயரமும் பத்தடி என்று வைத்தால் அதற்குள் அடங்கும் காற்று சுமார் 28 கன மீட்டர். ஒரு கிலோ அடுப்புக்கரி எரிந்தால் 200 கிராம் வாக்கில் கார்பன் மோனாக்சைடு வெளிவரும். நூறு கிராம் கரி, அதாவது இரண்டு கைப்பிடி கங்கு, கதவும் ஜன்னலும் சாத்திய அந்த அறையில் முழுக்க எரிந்தால் 20 கிராம் வாயு. கன மீட்டருக்கு 700 மில்லிகிராம். வெளிக்காற்றில் ஒரு மணி நேரச் சராசரியாக இந்தியத் தர விதி அனுமதிப்பது 4 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்குச் சொல்லும் எல்லை 35. அந்த எல்லையைப் போல இருபது மடங்கு ஏறியிருக்கிறது, வெறும் நூறு கிராமில். இந்த அளவில் முதலில் தலை கனக்கும், வலிக்கும், குமட்டும். சில மணி நேரம் நீடித்தால் உயிர் போகலாம். கதவிடுக்கில் கொஞ்சம் காற்று போய்வரத்தான் செய்யும் என்பது உண்மை. அதே அளவுக்கு, கோழியோ மீனோ சுடுகிறவர் நூறு கிராமோடு நிறுத்துவதில்லை என்பதும் உண்மை. அடுப்பு சின்னது என்பதால் ஆபத்தும் சின்னது என்று ஆகாது. நெருப்பின் அளவை அதைச் சூழ்ந்த காற்றின் அளவோடு வைத்துப் பார்த்தால்தான் ஆபத்து எவ்வளவு என்று தெரியும். இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லவருவது இந்த விகிதத்தைத்தான்.

உடம்புக்குள் நடப்பதையும் பார்த்துவிடலாம். ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை விடுவதும் மெதுவாகத்தான்: வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசித்தாலும் பாதி வெளியேற நான்கைந்து மணி நேரம் ஆகும், முகமூடி வைத்துத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரமாகக் குறையும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல்நுனி ஆக்சிமீட்டர் இன்றும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அது இந்த இடத்தில் ஏமாற்றும். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அதன் ஒளிக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிவதால், மயங்கிக் கிடப்பவர் விரலில் மாட்டினாலும் 98 என்று காட்டக்கூடும். மூக்கு ஏமாந்த இடத்தில் கருவியும் ஏமாறுகிறது. தூங்கிக்கொண்டிருப்பவருக்குத் தலைவலியும் தெரியாது. 2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன நண்பர்களில் இருவர், கோழி சுட்ட கரியடுப்பு இருந்த அறையிலேயே படுத்தார்கள், காலையில் எழவில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூர் விடுதியில் கேரளத்திலிருந்து போன எட்டுப் பேர், அவர்களில் நான்கு பேர் குழந்தைகள், எரிவாயுக் கணப்பு இருந்த ஒரே அறையில் இறந்தார்கள். கரியோ எரிவாயுவோ, கதைக்கு எரிபொருள் முக்கியமில்லை.

குளிர் ஊர்க் கதையெல்லாம் கடற்கரைக்கு எதற்கு, நாங்கள் யாரும் கணப்புக்காக அடுப்பை உள்ளே கொண்டுபோவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வடசென்னையில் கதவைச் சாத்தக் காரணங்கள் வேறு: கொசு, ஏசி, திடீர் மழை, கங்கைக் கலைத்துவிடும் கடல்காற்று. மாடியில் பாதி சுட்டுக்கொண்டிருக்கும்போது தூறல் விழுந்தால் அடுப்பைத் தூக்கிப் படிக்கட்டுத் தலைப்பிலோ உள்ளறையிலோ வைத்துவிடுவது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். எளிதாகத் தூக்கலாம் என்று எதைச் சொல்லி விற்கிறார்களோ அதுதான் இங்கே வினையாகிறது. மிக்ஜாம் புயல் போல நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போகும் சமயங்களில் இந்த ஆசை இன்னும் கூடும். குழந்தைக்குச் சாம்பிராணி போடும் தூபக்காலில் இருப்பதும் இதே கங்குதான். அளவு மிகக் குறைவு, சில நிமிட வேலை என்பதால் கடந்துபோகிறது. அதையே தொட்டில் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தி விட்டுவிடுவது நல்லதல்ல.

இந்த விகிதத்தை நன்கு அறிந்த ஓர் உலகம் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்திலிருந்து நிலக்கரி வெளியேற, அந்தச் சரக்கு எண்ணூரிலிருக்கும் இன்றைய காமராஜர் துறைமுகத்தில் குவிந்தது. நிலக்கரி எரியாமல் சும்மா கிடந்தாலே காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும், கார்பன் மோனாக்சைடை விடும். அதனால்தான் மூடிக் கிடந்த கப்பல் அறைக்குள் வாயுவைச் சோதிக்காமல், காற்றோட்டம் கொடுக்காமல், வெளியே ஒருவரை நிறுத்தாமல் இறங்கக்கூடாது என்பது துறைமுகத் தொழிலின் அடிப்படை விதி. மர பெல்லட்டுக்கும் இதே குணம் உண்டு என்பதை உலகம் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தது. 2002இல் ராட்டர்டாம் துறைமுகத்தில் பெல்லட் இறக்கும்போது ஒருவர் இறந்தார். 2006 நவம்பரில் சுவீடனின் ஹெல்சிங்போர்க் துறைமுகத்தில், கனடாவிலிருந்து பெல்லட் ஏற்றிவந்த சாகா ஸ்ப்ரே கப்பலில், சரக்கறையை ஒட்டிய படிக்கட்டுக்குள் இறங்கிய மாலுமி ஒருவர் உயிரிழந்தார்; துறைமுகத் தொழிலாளி ஒருவர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்; காப்பாற்ற இறங்கியவர்களையும் வாயு தாக்கியது. அங்கே எந்த நெருப்பும் இல்லை. மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு மெதுவாக வினைபுரிந்ததே போதுமானதாக இருந்தது. வீட்டில் இருக்கும் ஒரு பத்துக் கிலோ பைக்காக யாரும் அஞ்சவேண்டியதில்லை. டன் கணக்கில் மூடிய இடத்தில் அடைத்தால்தான் அந்த நிலை வரும். ஆனால் பகலில் இடுப்பில் வாயு உணரும் கருவியோடு ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்கிறவர், மாலையில் வீட்டுக்குத் திரும்பியதும் அந்த விதியைக் கழற்றி வைத்துவிடக் காரணமே இல்லை. நெருப்பு இருக்கிற மூடிய அறை, விதிப்புத்தகம் சொல்லும் அடைபட்ட இடத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

பாட்டி காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள்தான் விறகு வைத்து எரித்தார்கள், என்ன ஆகிவிட்டது என்பது அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். ஒன்றும் ஆகவில்லை என்பது முதலில் உண்மையல்ல. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் உலகில் 2020ஆம் ஆண்டில் 32 லட்சம் பேர் முன்கூட்டியே இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகளில் பல ஆண்டுகளாக அளந்துவருவது இந்தப் புகையைத்தான். ஆனால் பாட்டிமார் ஒரே இரவில் மயங்கி இறக்கவில்லை என்பது சரியே. அதற்குக் காரணம் அவர்கள் வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே எப்போதும் காற்று நுழையும், சமையலறை முற்றத்தையோ கொல்லையையோ பார்த்திருக்கும், வெளியே போக வழியிருக்கும். விறகுப்புகை கண்ணைக் கரிக்கும். கரித்தால் எழுந்து வெளியே போவார்கள். நல்ல கரியில் அந்தப் புகையும் இல்லை. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுச் சுடும்போதே புகையாகப் போகவேண்டியதெல்லாம் போய்விடுகிறது. மிச்சம் நிற்பது கிட்டத்தட்ட வெறும் கார்பன். அது சிவந்து கனலும்போது பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தம்தான் ஆளை உட்காரவைத்துவிடுகிறது.

பெல்லட் கிரில் கரியடுப்பு அல்லவே, விசிறி காற்றைத் தள்ளி முழுதாக எரிக்கிறதே என்பது அடுத்த வாதம். இதிலும் பாதி சரி. சீராக எரியும்போது விசிறி வைத்த அடுப்பு வெளியிடும் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவுதான். ஆனால் எந்த அடுப்பும் எந்நேரமும் சீராக எரிவதில்லை. பற்றவைக்கும்போதும், மணத்துக்காகக் குறைந்த சூட்டில் புகையவிடும்போதும், அணைக்கும்போதும் அது அரைகுறையாகத்தான் எரிகிறது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: கரண்ட் போவது. விசிறி நின்றுவிடும், கிண்ணத்தில் கங்கு இருக்கும். நல்ல அடுப்பு அந்த நிமிடமே கும்முட்டியாகிவிடுகிறது. திருகுத் தண்டும் நின்றுவிடுவதால் நெருப்பு பெல்லட் வரிசையைப் பிடித்துக்கொண்டு தொட்டியை நோக்கிப் பின்னோக்கிக் கனலவும் கூடும். கரண்ட் போனால் மூடியைத் திறந்து திறந்து பார்க்கவேண்டாம். தொட்டியிலிருந்து புகை வருகிறதா என்று மட்டும் வெளியே நின்று கவனிக்கவேண்டும். தொட்டியில் ஒரு வேளைக்குத் தேவையான பெல்லட்டை மட்டும் போட்டால் இந்தக் கவலையே பாதியாகும். இந்த அடுப்பைத் தயாரிப்பவர்களே வெளியிடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். விசிறியின் திறமையைத் தெரிந்தவர்களே அதை நம்பி வீட்டுக்குள் விடவில்லை.

கடலோரத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அது ஈரம். நல்ல பெல்லட்டில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் நீர் இருக்கும். ஒடித்தால் டக்கென்று முறியும், மேற்பரப்பு வழவழப்பாக மின்னும். காசிமேட்டுக் காற்றில் பையைத் திறந்து வைத்தால் அது ஈரத்தை இழுத்து ஊதி, மினுக்கம் போய், விரலில் நசுக்கினாலே தூளாகிவிடும். தூள் திருகுத் தண்டில் அடைத்துக்கொள்ளும், அல்லது கிண்ணத்தில் விழுந்து நெருப்பை மூச்சுத் திணறவைக்கும். நெருப்பு அணைந்துபோனதை அடுப்பு உடனே உணராமல் மேலும் மேலும் பெல்லட்டைத் தள்ளும். கிண்ணம் நிரம்பி வழியும், பெட்டி முழுக்க மஞ்சள் கலந்த அடர் வெண்புகை சேரும். அந்தப் புகை எரியக்கூடிய வாயு. அந்த நேரத்தில் மறுபடி பொத்தானை அழுத்திப் பற்றவைத்தால் மூடி தூக்கி அடிக்கும் அளவுக்குக் குபீரென்று பிடிக்கும். நெருப்பு நின்றுவிட்டால் இணைப்பைப் பிடுங்கி, முகத்தை விலக்கி மூடியைத் திறந்து, புகையெல்லாம் போனபின், ஆறியபின், கிண்ணத்தைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டுத்தான் மீண்டும் தொடங்கவேண்டும். பெல்லட்டை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைத்தால் பெரும்பாலும் இந்த நிலையே வராது. உப்புக்காற்று மின் இணைப்புகளையும் அரிக்கும். உலோக உடம்புள்ள அடுப்பை ஈரத் தளத்தில் வைத்து, எர்த் இல்லாத இரண்டு முள் நீட்சிக் கம்பியில் மாட்டுவது தனி ஆபத்து.

அப்படியானால் எங்கே வைப்பது? மொட்டை மாடிதான் நல்ல இடம், அதிலும் எல்லா மூலையும் ஒன்றல்ல. சென்னையில் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறும். இரவு முதிர முதிர அது தளர்ந்து, விடியலுக்குள் நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பும். மாலையில் சுடுகிறவர் அடுப்பை மாடியின் மேற்குப் பக்கம் வைத்தால் புகையும் பொறியும் கட்டடத்தை விட்டு விலகிப் போகும். ஆனால் மேற்கே கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் இருந்தால் அந்த மூலையை விட்டுவிடவேண்டும். இந்த நெருக்கத்தில் நம் புகை என்பது பெரும்பாலும் அடுத்தவர் படுக்கையறையின் காற்று. தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக் குழாய், கேபிள் கம்பி, கொடியில் காயும் துணி, தார்ப்பாய்க் கூரை எல்லாவற்றிலிருந்தும் பத்தடியாவது தள்ளியிருக்கட்டும். கம்பி அடித்து மூடிய பால்கனி, தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தள வண்டி நிறுத்தம், படிக்கட்டுத் தலைப்பு ஆகியவை திறந்தவெளிபோலத் தோன்றும். காற்று சுழலாத நாளில் அவை அறைதான். கார்பன் மோனாக்சைடின் எடை காற்றின் எடைக்கு ஏறக்குறையச் சமம் என்பதால் அது தரையில் தேங்குவதுமில்லை, மேலே ஏறித் தப்புவதுமில்லை, எங்கும் கலந்துவிடும். ஒரு வென்டிலேட்டர் திறந்திருக்கிறதே என்ற ஆறுதலுக்கு இயற்பியலில் இடமில்லை. மத்தியும் கானாங்கத்தையும் சுடும்போது எண்ணெய் சொட்டித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியைச் சாத்தி இணைப்பைப் பிடுங்கினால் அடங்கும். சாம்பலுக்கடியில் கங்கு மறுநாள் வரையிலும் உயிரோடு கிடக்கும், ஆகவே அது போகவேண்டியது மூடியுள்ள இரும்பு வாளிக்கு.

எரிபொருள் விஷயத்தில் ஒரு குறுக்குவழி பற்றி எச்சரித்தாகவேண்டும். அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு உயிரிப்பொருள் பெல்லட்டையும் சேர்த்து எரிக்கவேண்டும் என்று மத்திய மின்துறை 2021இல் கொள்கை வகுத்தபின் இந்தியாவில் பெல்லட் தயாரிப்பு பெருகியிருக்கிறது. பாய்லருக்கென்று விற்பது விலை குறைவு. அதில் உமி, கடலைத்தோல், மரப்பட்டறைக் கழிவு எதுவும் இருக்கலாம். ஒட்டுப்பலகைத் தூள் இருந்தால் அதன் பிசினும் சேர்ந்தே எரியும். பாய்லருக்கு அது பொருட்டல்ல. உணவைச் சுட அது உதவாது.

சுற்றிலும் அனல்மின் நிலையம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, இவற்றுக்கு நடுவே ஒரு சின்ன அடுப்பைப் பற்றிப் பாடம் எடுப்பது குற்றத்தை மக்கள்மேல் திருப்புவதாகாதா? இந்த எதிர்ப்புதான் இருப்பதில் வலுவானது. ஆலைகள் தரவேண்டிய கணக்கை எந்த வீட்டு எச்சரிக்கையும் தள்ளுபடி செய்யாது; செய்யவும் கூடாது. ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு. உயரமான புகைபோக்கியின் புகை பரந்த ஆகாயத்தில் கலந்து பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் மெல்ல நோகடிக்கிறது. அதற்கு மருந்து சட்டமும் கண்காணிப்பும் போராட்டமும். அறைக்குள் வைத்த கங்கு நான்கு பேரை ஓர் இரவில் முடித்துவிடும். அதற்கு மருந்து ஒரு திறந்த வெளி. முன்னதற்காகக் குரல் கொடுக்கிறவர் பின்னதில் கவனமாக இருப்பதால் அவர் குரல் தாழ்ந்துவிடாது.

தவறி நடந்துவிட்டால் அடையாளம் இதுதான்: ஒரே அறையில் இருந்த பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம். வெளியே வந்தால் குறையும், உள்ளே போனால் திரும்பும். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுக்கவைத்துவிடுவதுதான் உயிரைப் பறிக்கும் தவறு. எல்லாரையும் வெளியே கொண்டுவந்து 108ஐ அழைக்கவேண்டும். ஸ்டான்லியோ வேறு மருத்துவமனையோ, மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அறையில் கங்கு இருந்தது என்று சொல்லவேண்டும். அதைச் சொன்னால்தான் அவர் ஆக்சிமீட்டர் எண்ணை நம்பாமல் ரத்தத்தைச் சோதித்து உடனே ஆக்சிஜன் கொடுப்பார். வீட்டில் கருவி வைக்க விரும்புகிறவர் கார்பன் மோனாக்சைடு அலாரம் என்றே கேட்டு வாங்கவேண்டும். சமையல் எரிவாயுக் கசிவைச் சொல்லும் கருவிக்கும் புகை அலாரத்துக்கும் இந்த வாயு தெரியாது. அரசு செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் 1997 நவம்பர் முதல், கரிப் பையின்மேல் வீடு, கூடாரம், வண்டி மூன்றுக்குள்ளும் அடுப்பு இருப்பதுபோலப் படம் போட்டு, அதன்மேல் குறுக்கே கோடிட்டு அச்சிடவேண்டும் என்பது சட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் படம் புரியும். நம் ஊரில் கரி சாக்கில் வந்து எடைபோட்டு விற்பனையாகிறது. கிரில் அடுப்போடு வரும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அடுப்பின் மூடியிலேயே, கை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அந்தப் படமும் தமிழில் ஒரு வரியும் இருக்கவேண்டும் என்று விதி கொண்டுவருவதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.